கொலோனோஸ்கோப்பி சுத்தம், பேதி மட்டும் நிற்கவில்லை: மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ் பற்றி எளிமையாக

மாதக்கணக்கில் தண்ணீராகப் போகிறது. ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. மலத்தைப் பரிசோதித்தால் கிருமியும் இல்லை. கடைசியில் பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும் செய்து பார்த்துவிட்டு, "குடல் சுத்தமா இருக்கு ஆன்ட்டி, புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் மறுநாள் காலையிலும் மதியத்துக்குள் ஐந்தாறு தடவை ஓட வேண்டியிருக்கிறது. இப்படி ரத்தமில்லாத நீர்ப்பேதி நாள்பட இருந்து, கேமராவில் குடல் சுத்தமாகத் தெரிகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் குடலில் நிஜமாகவே நோய் இருக்கிறது. குடலின் உட்தோலிலிருந்து சிறு துணுக்கு எடுத்து (இதைத்தான் பயாப்ஸி என்பார்கள்) மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் அது கண்ணில் படும். அதனால்தான் அதற்கு மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ் என்று பெயர்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் திசு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். வைத்தியம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது டாக்டரின் வேலை. ஆனால் அந்தத் துணுக்குகள் என் கை வழியாகத்தான் போகின்றன. எந்தத் துணுக்கில் நோய் பிடிபடுகிறது, எதில் தப்பிவிடுகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் இருக்கும் நம் அக்காமார், பெரியம்மாமார் பலர் இந்தப் பெயரையே கேள்விப்படாமல் வருஷக்கணக்கில் கஞ்சி குடித்துக் காலம் தள்ளுகிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களை டாக்டரிடம் கூட்டிப்போகும் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் பெருங்குடலின் வேலை என்ன என்று பார்ப்போம். நாம் குடிக்கும் தண்ணீர், சாப்பாட்டில் இருக்கும் நீர், வாயிலும் இரைப்பையிலும் சிறுகுடலிலும் சுரப்பவை எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 8 அல்லது 9 லிட்டர் நீர் குடலுக்குள் போகிறது. பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடும். மிச்சம் ஒன்று, ஒன்றரை லிட்டர் பெருங்குடலுக்கு வந்துசேரும். பெருங்குடலின் உட்தோலில் இருக்கும் செல்கள் அதிலிருந்து உப்பை இழுக்கும். உப்புக்குப் பின்னாலேயே தண்ணீரும் போய்விடும். கடைசியில் மலத்தோடு வெளியேறுவது 100, 200 மில்லி மட்டும். மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸில் இந்த மேல்தோல் செல்களுக்குள்ளும் அவற்றுக்கு அடியிலும் அழற்சி வந்துவிடுகிறது. உப்பை இழுக்கும் வேலை மந்தமாகிறது. உறிஞ்சப்படாத தண்ணீர் அப்படியே வெளியே வருகிறது. தோல் பிளந்து புண்ணாவதில்லை, அதனால் ரத்தம் வருவதில்லை. கேமராவில் பார்த்தால் இளஞ்சிவப்பாக, பளபளப்பாக, ஆரோக்கியமான குடலாகவே தெரியும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று லிம்போசைட்டிக் கொலைட்டிஸ்: நோய் எதிர்ப்பு வேலை செய்யும் லிம்போசைட் என்ற சிறு செல்கள் மேல்தோல் செல்களின் இடையில் புகுந்து கூட்டமாக உட்கார்ந்திருக்கும். சாதாரணமாக 100 மேல்தோல் செல்லுக்கு ஐந்து வாக்கில் இருக்க வேண்டியது, இதில் 20 அல்லது அதற்கு மேல் இருக்கும். இன்னொன்று கொலாஜினஸ் கொலைட்டிஸ்: மேல்தோலுக்கு நேர் அடியில் கொலாஜன் என்ற நார்ப்பொருள் ஒரு பட்டையாகப் படிந்து தடித்திருக்கும். 10 மைக்ரானுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் பட்டை தடித்திருந்தால் இந்த நோய் என்று சொல்வார்கள். நோயாளிக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் படுத்தும், வைத்தியமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று ரொம்பக் குழம்ப வேண்டியதில்லை.

மருத்துவ உலகத்துக்கே இது பழைய நோய் இல்லை. கொலாஜினஸ் கொலைட்டிஸை 1976இல் ஸ்வீடன் நாட்டு நோய்க்கூறு மருத்துவர் கிளாஸ் லிண்ட்ஸ்ட்ரோம் விவரித்தார். மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ் என்ற பொதுப்பெயர் 1980இல் வந்தது, லிம்போசைட்டிக் என்ற பெயர் 1989இல். பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் ஸ்வீடன், டென்மார்க், அமெரிக்கா பக்கமிருந்தே வந்திருக்கின்றன. அதை வைத்து இது வெள்ளைக்காரர்களின் நோய், நமக்கு வராது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியாவிலும் இது பதிவாகியிருக்கிறது. தேடிப் பார்க்கிற இடத்தில் எல்லாம் கிடைக்கிறது.

யாருக்கு வரும்? ஐம்பது, அறுபது தாண்டிய பெண்களுக்கு அதிகம். ஆண்களுக்கும் வரும். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு 45 வயதுக்கு முன்பே வந்துவிடுகிறது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம், வருகிறபோது சீக்கிரமாகவும் வருகிறது. தைராய்டு கோளாறு, மூட்டுவாதம், கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் போன்று உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் நோய்கள் ஏற்கெனவே இருந்தால் இதுவும் சேர்ந்து வர இடமுண்டு.

கறியையும் தண்ணீரையும் குற்றம் சொல்வது

நம் வீடுகளில் பேதி வந்தால் முதல் பழி கறி மசாலா மேல் விழும். மிளகாய்த்தூளைக் குறைப்பார்கள், பிறகு பீன்ஸ் கறி, பிறகு பருப்பு, பிறகு ஆட்டுக்கறி. கடைசியில் தட்டில் சாதமும் உருளைக்கிழங்கும் மட்டும் மிஞ்சும். பேதி அப்படியே இருக்கும், உடம்பு மட்டும் இளைத்துப்போகும். காரம் இந்த நோயை உண்டாக்குவதில்லை. சிலருக்கு ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டலாம், அவ்வளவுதான்.

அடுத்த பழி தண்ணீர் மேல். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, ஜனங்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்றார்கள். டர்பன் கடற்கரைகளைக் கழிவுநீர்க் கிருமி காரணமாக மூடிய நாட்களும் உண்டு. கெட்ட தண்ணீரால் ரன்னி டம்மி, அதாவது வயிற்றோட்டம், வரத்தான் செய்யும். ஆனால் அப்படி வருவது பெரும்பாலும் சில நாளில், மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். நான்கு வாரத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட பேதி. அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். "தண்ணி சேரலை" என்று மூன்று மாதம் இருப்பது சரியில்லை.

தேடும்போது மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ் முதலில் வராது, வரவும் கூடாது. இந்த நாட்டில் எச்.ஐ.வி.யும் காசநோயும் இருக்கிற நிலையில் அவற்றை முதலில் பார்த்தே ஆக வேண்டும். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை, குடலிலும் வரும். எச்.ஐ.வி. பரிசோதனை என்றதும் நம் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள், "எனக்கா?" என்று கேட்கிறார்கள். கிளினிக்கில் எல்லோருக்கும் செய்வதுதான் அது. கையை நீட்டிவிடுங்கள், ஒரு கேள்வி தீர்ந்தது. மலத்தில் ஜியார்டியா, அமீபா போன்ற ஒட்டுண்ணிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். தைராய்டுக்கு ரத்தம் எடுப்பார்கள். சீலியாக் நோய்க்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. தென்னிந்திய வழியினரிடம் அது வட இந்தியர்களைவிட மிகக் குறைவு என்றாலும், மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ் உள்ளவர்களிடம் அது கூடுதலாகக் காணப்படுவதால் பார்த்துவிடுவது நல்லது. பித்தப்பையை எடுத்துவிட்டவர்களுக்குப் பித்த உப்பு பெருங்குடலில் வழிந்து நீர்ப்பேதி வரலாம்.

நம்மவர்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது சர்க்கரை நோய். டர்பன் இந்தியர்களிடம் அது மிக அதிகம் என்பது பல ஆய்வுகளில் வந்த விஷயம். அதற்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையே பேதியை உண்டாக்கும், சிலருக்கு வருஷக்கணக்கில் ஒத்துக்கொண்ட பிறகும்கூட. சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் இனிப்பு, சாக்லேட், சூயிங்கம் ஆகியவற்றில் சார்பிட்டால், மால்டிட்டால் இருந்தால் அவையும் குடலில் தண்ணீரை இழுக்கும். பல வருஷமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்குக் குடல் நரம்பு பாதித்து ராத்திரியில் பேதி வருவதும் உண்டு. இவற்றை எல்லாம் டாக்டர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் விடாப்பிடியாக இருங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகப் பேதி ஆரம்பித்தவரிடம் "ஐ.பி.எஸ்., டென்ஷன்தான் காரணம்" என்று பரிசோதனை இல்லாமல் முடித்துவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐ.பி.எஸ். என்கிற எரிச்சல் குடல் கோளாறு பெரும்பாலும் இளம் வயதில் தொடங்குவது, ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஓடவைப்பது அதன் வழக்கம் இல்லை. மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸ் நடுராத்திரியில் எழுப்பும்.

டாக்டரிடம் எதைச் சொல்லாமல் விடுகிறோம்

அடக்க முடியாமல் உடுப்பிலேயே போய்விடுவது இந்த நோயில் சாதாரணமாக நடப்பது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பக்கத்தில் மகனோ பேரனோ உட்கார்ந்திருக்கும்போது "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்ற அளவில் பேச்சு நின்றுவிடும். டாக்டர் வயிற்று உப்புசம் என்று நினைத்து மருந்து எழுதுவார். வீட்டில் நடப்பதோ வேறு. கிளேர்வுட் கோயில் காவடிக்கு வருஷம் தவறாமல் போனவர், டாக்ஸியில் உட்கார்ந்தால் நடுவழியில் என்ன செய்வது என்று பயந்து போவதையே விட்டிருப்பார். கல்யாண வீட்டுக்கு அழைத்தால் முழங்கால் வலி என்று காரணம் சொல்வார். புரட்டாசிச் சனிக்கு வீட்டில் எல்லோருக்கும் சமைத்துவிட்டுத் தான் பட்டினி கிடப்பார், வெறும் வயிறாக இருந்தால் ஓட வேண்டாமே என்று.

பிள்ளைகளே, அம்மாவை டாக்டர் அறைக்குள் விட்டுவிட்டுச் சற்று நேரம் வெளியே நில்லுங்கள். அம்மாமார்களே, நான்கு விஷயத்தைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை தடவை, அதில் எத்தனை வெறும் தண்ணீர், ராத்திரி எழுப்புகிறதா, உடுப்பில் போயிருக்கிறதா. இந்த நான்கும் தெரிந்தால் டாக்டரின் யோசனையே வேறு திசையில் போகும்.

அடுத்தது மருந்துப் பை. எனக்குப் பெரியம்மா முறை ஆகவேண்டிய ஒருவர் இதே தொல்லையைச் சொன்னபோது, "பெரியம்மா, நீங்க சாப்பிடுற மருந்து எல்லாத்தையும் கொண்டாங்க" என்றேன்.

"டாக்டர் குடுத்ததுதானேம்மா, அதுல என்ன பார்க்கப்போறே?"

"டாக்டர் குடுக்காததையும் சேர்த்துக் கொண்டாங்க பெரியம்மா."

சமையலறை மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். முழங்கால் வலிக்கு டிக்ளோஃபெனாக். அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க ஓமெப்ரஸோல். பெரியப்பா போனபின் தூக்கமும் மனசும் சரியில்லை என்று ஆரம்பித்த செர்ட்ரலின். கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின். எல்லாம் வைத்து முடித்த பிறகு, மேஜை டிராயரைத் திறந்து கிராண்ட்பா பொடிப் பொட்டலங்களை எடுத்துப் போட்டார், தலைவலிக்குப் போடுவது, மருந்தென்றே கணக்கில் இல்லை. அந்தப் பொடியில் ஆஸ்பிரின் இருக்கிறது.

மேஜைமேல் இருந்த ஒவ்வொன்றும் மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸோடு தொடர்பு இருப்பதாக மருத்துவ ஆய்வுகள் சந்தேகிக்கும் மருந்து. டிக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மருந்துகள்; ஓமெப்ரஸோல், லான்ஸப்ரஸோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்துகள், அவற்றில் லான்ஸப்ரஸோல் மேல் சந்தேகம் அதிகம்; செர்ட்ரலின் வகை மனச்சோர்வு மருந்துகள்; ஸ்டாட்டின்கள். இவற்றைச் சாப்பிடும் லட்சக்கணக்கானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஒரு மருந்து தொடங்கிய சில வாரத்தில், சில மாதத்தில் பேதி தொடங்கியிருந்தால் அந்த மருந்தை நிறுத்தி அல்லது மாற்றிப் பார்ப்பது வைத்தியத்தின் முதல் படி. சில பேருக்கு அதோடு தீர்ந்தும்விடுகிறது. கெமிஸ்டில் சீட்டு இல்லாமல் வாங்கியதையும் சேர்த்துத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். இருதயத்துக்குக் கொடுத்த ஆஸ்பிரினையும் மனசுக்குக் கொடுத்த மாத்திரையையும் திடீரென்று விடுவது பேதியைவிடப் பெரிய ஆபத்து.

பயாப்ஸி எடுத்தார்களா, எங்கிருந்து எடுத்தார்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதி மனசில் நின்றால் போதும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

கொலோனோஸ்கோப்பி சுலபமான காரியம் இல்லை. அரசாங்க வழியில் போனால் கிளினிக்கில் கடிதம் வாங்கி, ஆர்.கே.கான் போன்ற ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து தேவைப்பட்டால் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். முந்தின நாள் லிட்டர் கணக்கில் பேதி மருந்து குடிக்க வேண்டும். ஏற்கெனவே பேதியால் நொந்த உடம்புக்கு அது எவ்வளவு பாரம் என்று சொல்லத் தேவையில்லை. இத்தனையும் பட்டு உள்ளே போன கேமரா, குடல் சுத்தமாகத் தெரிகிறது என்பதற்காகத் துணுக்கு எடுக்காமல் வெளியே வந்தால், அந்தப் பரிசோதனை பாதியில் நின்றுவிட்டது என்பேன். நாள்பட்ட நீர்ப்பேதிக்காகச் செய்யும் கொலோனோஸ்கோப்பியில், குடல் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் துணுக்கு எடுக்க வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல்.

எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். இந்த நோய் குடல் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆசனவாய்க்குப் பக்கத்துப் பகுதி சாதாரணமாக இருந்து, வலப்பக்கக் குடலில் மட்டும் கொலாஜன் தடித்திருப்பது உண்டு. ஆகவே வலப்பக்கம் ஏறும் குடலிலும் இடப்பக்கம் இறங்கும் குடலிலும் பல துணுக்குகள் எடுத்து, தனித்தனி பாட்டிலில், எது எந்தப் பக்கம் என்று எழுதி அனுப்ப வேண்டும். துணுக்கு எடுப்பது வலிக்காது, குடலின் உட்தோலில் வலி தெரியும் நரம்பு இல்லை. ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பாட்டில் எங்களிடம் வந்தபின் நடப்பதைச் சொல்கிறேன். ஃபார்மலினில் மிதக்கும் துணுக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை ஆல்கஹாலிலும் சைலீனிலும் போட்டு நீரை எடுத்து, உருகிய மெழுகில் பதித்துக் கட்டியாக்குவோம். மைக்ரோடோம் என்ற கருவியில் அந்த மெழுகுக் கட்டியை 3, 4 மைக்ரான் தடிமனில் சீவினால் ரிப்பனாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் போக்கிக் கண்ணாடித் தகட்டில் ஏந்துவோம். பிறகு சாயம். வழக்கமான சாயத்தில் செல்லின் கரு நீலமாகவும் மற்றவை ரோஜா நிறமாகவும் தெரியும். லிம்போசைட்டிக் வகையில், வரிசையாக நிற்கும் உயரமான மேல்தோல் செல்களின் இடுக்கில் கறுத்த சின்னப் பொட்டுகளாக லிம்போசைட்டுகள் தெரியும். அவற்றை எண்ண வேண்டும். கொலாஜினஸ் வகை என்ற சந்தேகம் வந்தால் ட்ரைகுரோம் என்ற சிறப்புச் சாயம் போடுவோம். அதில் கொலாஜன் நீலமாகப் பிடிக்கும். நல்ல குடலில் மேல்தோலுக்குக் கீழே நூலிழையாக ஓடும் அந்த நீலக்கோடு, நோயிருந்தால் சேலையின் அகலக்கரையைப்போலத் திண்ணென்று தெரியும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. துணுக்கு மெழுகில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் வெட்டு சரிவாக விழுந்து, சாதாரணக் கோடும் பட்டையாகத் தெரியும். அதனால்தான் துணுக்கை நிமிர்த்திப் பதிப்பதில் அவ்வளவு கவனம் எடுக்கிறோம், ஒன்றுக்குப் பல துணுக்கு கேட்கிறோம். விண்ணப்பத் தாளில் "நாள்பட்ட நீர்ப்பேதி, மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸா?" என்று ஒரு வரி இருந்தால் பார்க்கிற மருத்துவர் அதற்கென்றே தேடுவார். தாளில் ஒன்றும் இல்லாமல் வரும் துணுக்கைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அந்தத் துணுக்குக்காக யாரோ ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்து பேதி மருந்து குடித்திருக்கிறார்கள்.

ஆகவே கேமரா உள்ளே போவதற்கு முன்பே, நாள் குறிக்கும்போதே கேளுங்கள்: "டாக்டர், குடல் நல்லா தெரிஞ்சாலும் ரெண்டு பக்கமும் பயாப்ஸி எடுப்பீங்களா?" மரியாதையாகக் கேட்டால் எந்த டாக்டரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பாருங்கள். பயாப்ஸி எடுத்ததாக இல்லையென்றால் அதை டாக்டரிடம் காட்டிப் பேசுங்கள்.

வைத்தியம்

லேசாக இருந்தால் மருந்துப் பையைச் சரிசெய்வது, சிகரெட்டை விடுவது, லோபெரமைடு மாத்திரை. கெமிஸ்டில் இமோடியம் என்ற பெயரில் கிடைப்பது அதுதான். அது ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும், அழற்சியை ஆற்றாது. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அதைப் போடவே கூடாது.

அழற்சியை ஆற்றும் முக்கிய மருந்து பியூடெசோனைடு. ஆஸ்துமா பம்பில் இருப்பதும் இதே மருந்துதான் என்பதால் பெயர் சிலருக்குப் பழக்கமாக இருக்கலாம். ஆனால் இதற்கு வேண்டியது குடலில் போய்க் கரையும் கேப்ஸ்யூல், பம்ப் பிரயோசனப்படாது. வழக்கமான அளவு நாளைக்கு 9 மில்லிகிராம், 6 முதல் 8 வாரம். பத்தில் எட்டுப் பேர் வாக்கில் குணம் காண்கிறார்கள், பலருக்கு இரண்டு வாரத்துக்குள்ளேயே வித்தியாசம் தெரிகிறது. ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: குடலில் வேலை முடித்து உறிஞ்சப்படும் இந்த மருந்தில் சுமார் 90 சதவீதத்தைக் கல்லீரல் உடனே சிதைத்துவிடுகிறது, உடம்பு முழுக்கப் பரவுவது கொஞ்சம்தான். அதனால்தான் வழக்கமான ஸ்டீராய்டான பிரெட்னிசோலோனைவிட இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இருந்தாலும் சர்க்கரை நோயாளிகள் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட நாள் தொடர்ந்தால் எலும்பின் வலுவையும் பார்ப்பார்கள். கல்லீரல் நோய் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கல்லீரலின் அந்தச் சிதைக்கும் வேலையைத் தடுக்கிற பொருட்களோடு சேர்த்தால் மருந்து உடம்பில் ஏறிவிடும். கிரேப்ஃப்ரூட் பழம் அதில் ஒன்று. இன்னொன்று எச்.ஐ.வி. சிகிச்சையில் சிலருக்குக் கொடுக்கும் ரிட்டோனாவிர். அது சாப்பிடுகிறவர்கள் வெட்கப்பட்டு மறைத்தால் பாதிப்பு அவர்களுக்குத்தான்.

மருந்து நின்றபின் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்புகிறது. மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. மறுபடி அதையே கொடுத்தால் மறுபடி கேட்கிறது. அடிக்கடி திரும்பினால் 3 அல்லது 6 மில்லிகிராம் என்ற குறைந்த அளவில் தொடர்வார்கள். பித்த உப்புக் கோளாறும் சேர்ந்திருந்தால் கொலஸ்டிரமின் பொடி உதவும். பியூடெசோனைடு கேட்காத சிலருக்கு எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் வலுவான மருந்துகள் இருக்கின்றன, அது குடல் நிபுணரின் பொறுப்பு.

மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். இந்நாட்டில் மெடிக்கல் எய்டுகள் கட்டாயம் செலவை ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் வேறு குடல் அழற்சி நோய்களான அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் குரோன்ஸ் நோயும் இருக்கின்றன, மைக்ரோஸ்கோப்பிக் கொலைட்டிஸின் பெயர் இல்லை. ஆகவே மருந்துச் செலவுக்கு விண்ணப்பிக்கும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டோடு டாக்டரின் விளக்கக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் தடவை மறுத்தால் மறுபடி கேளுங்கள்.

சாப்பாட்டில் இந்த நோய்க்கென்று நிரூபித்த பத்தியம் கிடையாது. காப்பியைக் குறைத்துப் பார்க்கலாம். பால் பலருக்கு ஒத்துக்கொள்ளாது, மோரோ தயிரோ ஒத்துக்கொண்டால் அதுவே போதும். சார்பிட்டால் போட்ட இனிப்பை விட்டுவிடலாம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டால் உடம்பு தேய்ந்துவிடும். ஓட்டம் கடுமையாக இருக்கும் நாளில் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக எட்டுத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். சர்க்கரை நோயாளிகளும் சிறுநீரக, இருதயக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுக் குடிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் இறக்கும் மாத்திரையோ மெட்ஃபார்மினோ சாப்பிடுகிறவர்கள் உடம்பு வறண்டு தலைசுற்றினால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். அந்த நிலையில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கஷ்டப்படுத்தும்.

எல்லோரும் கேட்கும் கேள்வி, இது கேன்சராக மாறுமா என்பது. மாறாது. பெருங்குடல் கேன்சர் ஆபத்தை இது கூட்டுவதில்லை, இதற்காக வருஷா வருஷம் கேமரா விட்டுப் பார்க்க வேண்டியதும் இல்லை. ஆயுளைக் குறைக்கிற நோயும் அல்ல. சிலருக்குத் தானாகவே அடங்கிவிடுவதும் உண்டு.

அடங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கை வீட்டிலேயே போடலாம். ஒரு வாரம் காலண்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள்: அன்றைக்கு எத்தனை தடவை, அதில் எத்தனை தண்ணீராக. சராசரியாக நாளைக்கு மூன்று தடவைக்குக் குறைவாகவும், தண்ணீராகப் போவது ஒரு தடவைக்குக் குறைவாகவும் இருந்தால் நோய் அடங்கியிருக்கிறது. கூடினால் அந்தக் காலண்டர் தாளையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பழைய மாதிரியே நீர்ப்பேதியாகத் திரும்பியிருந்தால் பெரும்பாலும் மறுபடி கொலோனோஸ்கோப்பி தேவைப்படாது, மருந்தை மறுபடி தொடங்குவார்கள். ரத்தம், காய்ச்சல், ரத்தசோகை, சட்டென்று எடை இறங்குவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்திருந்தால் அதை இந்த நோயின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். காத்திருக்காமல் போய்ப் புதிதாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.